கேட்கத் தெரியாதவளின் சீட்டு

தொண்ணூறுகளில் பலெர்மோவில் வேலை செய்த தமிழ்ச் சனத்துக்கு வாரத்தில் இரண்டு ஞாயிறு இருந்தது. ஒன்று உலகத்துக்கே வருகிற ஞாயிறு. மற்றது வியாழக்கிழமை பின்னேரம். வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு வியாழன் மத்தியானத்தோடு லீவு என்பது அந்த ஊர் வழக்கம். லிபெர்த்தா வீதிப் பக்கத்துப் பெரிய வீடுகளில் மத்தியானச் சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்த கையோடு பெண்கள் பஸ் பிடித்து வருவார்கள். ஏறும்போது முகத்தில் வேலைக்காரக் களை இருக்கும். இறங்கும்போது ஒவ்வொருத்தியும் ஒரு மகாராணி.

அந்த மகாராணிகள் கூடுகிற அரண்மனை, கால்சாப் பகுதியில் ஒரு சந்துக்குள் மூன்றாம் மாடியில் இருந்த அருள்நாயகியின் வீடு. லிஃப்ட் கிடையாது. ஆனால் கடலை வடை எண்ணெயில் விழுகிற வாசம் கீழ்ப் படிவரைக்கும் இறங்கி வந்து ஆளை மேலே இழுத்துக்கொண்டு போகும். அங்கேதான் மாதத்தில் ஒரு வியாழன் சீட்டு நடக்கும். மற்ற வியாழன்களில் ஊர்ப்பலாய், அதாவது ஊர்வம்பு, நடக்கும். சீட்டு நாளிலும் அதுதான் நடக்கும், நடுவில் கொஞ்சம் காசும் வைப்பார்கள்.

சீட்டென்றால் தெரியும்தானே. பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து மாதாமாதம் ஒரேயளவு காசு போடுவார்கள். அவசரக்காரி, 'இவ்வளவு கழித்துத் தந்தால் போதும், நான் எடுக்கிறேன்' என்பாள். கூடக் கழிவு விடுகிறவளுக்குச் சீட்டு. கழிந்த காசை மற்றவர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். பொறுமைசாலி கடைசிவரை இருந்தால் கழிவே இல்லாமல் முழுக்காசும் எடுப்பாள். சீட்டைப் பிடித்து நடத்துகிறவளுக்கு மட்டும் ஒரு சலுகை: முதற் சீட்டு அவளுக்கு, கழிவில்லாமல்.

அருள்நாயகி சீட்டுப் பிடித்தாள் என்றால் அவளைத் தெரிந்தவர்கள் இன்றைக்கும் சிரிப்பார்கள். ஏனென்றால், அவளுக்கு ஒருவரிடம் வாய் திறந்து காசு கேட்க வராது. பிறவியிலேயே வராது.

அவள் வேலை செய்த லிபெர்த்தா வீட்டு எஜமானி சிஞ்ஞோராவுக்கு எண்பது வயது, மறதி. ஒருமுறை மாதம் பிறந்து எத்தனையோ நாளாகியும் சம்பளம் வரவில்லை. அருள்நாயகி கேட்கவில்லை. அதற்குப் பதிலாக வெள்ளிக் கரண்டிகளை மினுக்கினாள். அடுத்த நாளும் மினுக்கினாள். கரண்டியில் முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம் என்கிற நிலைமை வந்தபோது, "இந்த வீட்டில் யாருக்குக் கல்யாணம்?" என்று சிஞ்ஞோராவே கேட்டாளாம். அப்போதும் இவள் சொன்ன பதில், "சும்மாதான் சிஞ்ஞோரா."

அப்படிப்பட்டவளைத் தலையில் வைத்துச் சீட்டைத் தொடக்கியது செல்வமலர். செல்வமலருக்குத் தெரியாமல் பலெர்மோவில் ஒருவருக்குப் பல்லுக்கூட விழாது. யார் வீட்டில் யார் கோபம், யாருடைய பெர்மெஸ்ஸோ என்கிற தங்கும் அனுமதி முடிகிறது, யார் புதுச் சங்கிலி போட்டுக்கொண்டு அது பித்தளை என்பதை மறைக்கிறாள், எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

"நாயகிதான் சீட்டுப் பிடிக்க வேணும்," என்றாள் செல்வமலர். "களவெடுத்துக்கொண்டு ஓடுறதுக்கும் ஒரு வாய் வேணும். உவவிட்டை அது இல்லை."

சீட்டு நடந்த விதமும் அப்படித்தான். குளிர்பெட்டிக்கு மேலே ஒரு பழைய பனெத்தோனே டின் இருக்கும், நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மசுக்கு, சிஞ்ஞோரா கொடுத்த கேக் வந்த டின். பெண்கள் வந்து இருந்ததும் அருள்நாயகி, "எண்ணெய் காயுது" என்று குசினிக்குள் போய்விடுவாள். அவள் வெளியே வருவதற்குள் எல்லோரும் டின்னுக்குள் காசைப் போட்டுவிட வேண்டும். வராத காசைச் செல்வமலர் கேட்பாள். அவள் கேட்டால் ஊமையும் காசு தருவான். ஒருத்தியும் தவணை தவறியதில்லை. பயம் பாதி, வடை பாதி.

அருள்நாயகிக்கு அந்த முதற் சீட்டு எதற்கு என்பது சந்து முழுக்கத் தெரிந்த இரகசியம். வீட்டுக்குக் கீழே, தெருவைப் பார்த்தபடி ஒரு அறை சும்மா கிடந்தது. ஒரு காலத்தில் மீன்வலை போட்டு வைத்த இடம். அதை வாடகைக்கு எடுத்து வடையும் றோல்ஸும் இடியப்பப் பார்சலும் போட வேண்டும், மற்றவர் வீட்டுக் கரண்டி மினுக்குவதை விட வேண்டும், அவ்வளவுதான். அறைக்காரக் கிழவனுக்கு ஒரு வடை கொடுத்துப் பார்த்தாள். கடலை மாவில் சுடுகிற அவர்களுடைய பனெல்லேக்கு இது ஒன்றுவிட்ட சகோதரி என்று கண்டுபிடித்து, கிழவன் இன்னும் இரண்டு கேட்டான். பொம்பிளை பார்த்து முடிந்த மாதிரித்தான் இருந்தது.

அப்போதுதான் தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஐப்பசி வந்தது. யாழ்ப்பாணத்துச் சனம் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு மழைக்குள் வெளிக்கிட்ட ஐப்பசி. அருள்நாயகியின் தம்பி அதற்கு முன்னரே செல்லடியில் செத்துப்போய்விட்டான். அவன் பெண்சாதி சந்திரமதி இரண்டு பிள்ளைகளையும் கொண்டு எங்கெங்கோ நின்று, கடைசியில் வவுனியாவில் ஒரு வீட்டுப் பின்கொட்டிலில் ஒதுங்கினாள். தை மாதம் அங்கேயிருந்து ஒரு போன் வந்தது.

"மச்சாள், சும்மா தாங்கோ எண்டு நான் கேக்கேல்லை," என்றாள் சந்திரமதி. "கடனாத் தாங்கோ. இடியப்பம் அவிச்சுக் கடையளுக்குப் போடப்போறன். பெரிய பானையும் தட்டுகளும் மாவும் வேணும். இஞ்சை வந்து நிக்கிற சனத்துக்கு அடுப்பு மூட்ட இடமில்லை. விடிஞ்சா வாங்கித்தான் தின்னுதுகள்."

"கடனெண்டு ஏனடி சொல்லுறாய்? நான் என்ன பிறத்தியே?"

"பிறத்தியெண்டாப் பிச்சை கேப்பன். நீங்கள் மச்சாள். அதுதான் கடன் கேக்கிறன்."

அடுத்த வியாழன் முதற் சீட்டு. டின்னிலிருந்த காசு அப்படியே ஊருக்குப் போனது. அருள்நாயகியின் புருஷன் தவராசா ஒரு ஹோட்டல் குசினியில் பாத்திரம் கழுவுகிறவர், அதிகம் பேசாத மனுசன். அன்று மட்டும் கேட்டார்:

"அப்ப கீழை அறை?"

"அறைக்குக் காலோ முளைக்கப்போகுது? அங்கைதான் கிடக்கும்."

அறைக்குக் கால் முளைக்கவில்லை. சில்லு முளைத்தது. அடுத்த மாதமே எவனோ அதை எடுத்து மோட்டோர் சைக்கிள் திருத்துகிற இடமாக்கினான். அருள்நாயகி வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அந்தப் பக்கம் பார்க்காமல் நடக்கப் பழகினாள். பெற்றோல் வாசத்துக்கு மூக்கைப் பொத்துகிறாள் என்று சனம் நினைத்தது.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. அந்த வருஷம் புரட்டாதியில் சிஞ்ஞோராவின் மகன் மிலானோவிலிருந்து வந்தான். தாயைத் தன்னோடு கூட்டிப் போகிறானாம், வீடு பூட்டாம். வேலை முடிகிறபோது வேலைக்காரிக்குச் சேர்த்துக் கொடுக்க வேண்டிய காசொன்று உண்டு, லிக்குவிதாசியோனே என்பார்கள். "அனுப்பி வைக்கிறேன்" என்று மகன் டாக்சிக் கதவைச் சாத்தினான். ஆறு வருஷ வேலைக்காசு. அருள்நாயகி கை காட்டி வழியனுப்பினாள். சிஞ்ஞோராவுக்கு வழியில் சாப்பிட வடையும் கட்டிக் கொடுத்திருந்தாள்.

மகள் சிவானுஜாவுக்கு அப்போது ஒன்பது வயது. "மா பெர்க்கே, அம்மா?" என்று அழாக்குறையாகக் கேட்டாள். "ஏன் கேக்கேல்லை? வாய் இருக்குத்தானே?"

வாய் இருந்தது. வாய்க்குள் அந்தச் சொல் இல்லை.

புது வேலை கிடைக்கவில்லை. தவராசாவின் சம்பளம் வாடகைக்கும் வயிற்றுக்கும் சரி. சீட்டு முதலில் எடுத்தவள், எடுத்த பிறகும் மாதாமாதம் கட்ட வேண்டும். ஒரு மாதம் காப்பை அடைவு வைத்து டின்னில் போட்டாள். அடுத்த மாதத்துக்கு அடைவு வைக்கக் கையில் கை மட்டும்தான் இருந்தது. சீட்டுப் பிடித்தவளே கட்டாவிட்டால் சீட்டு உடையும். உடைந்தால் கடைசிவரை பொறுத்திருந்த பெண்களின் காசு போகும். யாழ்ப்பாணத்துப் பெண்ணைப் புருஷன் விட்டுப் போனால்கூடச் சனம் இரண்டு பக்கமும் கதைக்கும். சீட்டைக் குழப்பினவளுக்கு ஒரே ஒரு பக்கம்தான்.

பக்கத்து ஊர் பகேரியாவில் நடந்த ஒரு சாமத்திய வீட்டில், பூப்புச் சடங்கில், கதை வெளிக்கிட்டது. மூன்றாம் நாள் செல்வமலர் படியேறி வந்து, மூச்சு வாங்க முன்னமே சொன்னாள்:

"நாயகி, சனம் உம்மைச் சீட்டுக்கள்ளி எண்டு கதைக்குது."

அருள்நாயகி கதவைப் பிடித்துக்கொண்டாள். "ஆர் சொன்னது?"

"முதல் சொன்னது நான்தான்."

"செல்வமலர்!"

"வேறை ஆரும் சொல்ல முந்தி நான் சொல்லிப்போட்டன். நான் சொன்னா அரைவாசிச் சனம் நம்பாது. பொய் பேசாத அகஸ்ரீனா சொல்லியிருந்தா முழுச்சனமும் நம்பியிருக்கும். நீர் அழாதேயும். வாற வியாழன் சீட்டு. மச்சாளுக்குப் போன் எடுத்துக் காசைக் கேளும்."

"அவளிட்டை என்னண்டு கேக்கிறது? தம்பியும் இல்லாமல் ரெண்டு பிள்ளையளோடை நிக்கிறவள்."

"கடனெண்டுதானே வாங்கினவ?"

"அது ஒரு பேச்சுக்குச் சொன்னது."

"அப்ப நீரும் ஒரு பேச்சுக்குக் கேளும். வாயாலை கேக்கிறதுக்கு வரி இல்லை."

அந்த வியாழன்தான் வடை இல்லாத முதல் வியாழன். பெண்கள் படியேறவில்லை. எல்லோரும் மாஜோனே வெளிக்குப் போனார்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் குண்டு விழுந்து இடிந்ததென்று சொல்வார்கள், கால்சாவுக்கு நடுவில் அப்படியே புல் முளைத்துக் கிடந்த வெட்டை. அதன் ஓரத்தில் ஒரு டெலிபோன் கூண்டு. வீட்டுப் போனில் பேசினால் எவ்வளவென்று பில் வரும்வரை தெரியாது. டெலிபோன் கார்ட் என்றால் முடிந்தால் முடிந்தது. கார்டின் மூலையை முறித்துச் செருகினால், எவ்வளவு லீரா மிச்சம் என்று சின்னக் கண்ணாடியில் காட்டும். வவுனியாவுக்கு எடுத்தால் அந்த இலக்கம் மலையிலிருந்து விழுகிற ஆடு மாதிரி உருளும்.

வவுனியாவில் ஒரு கொமினிகேஷன் கடைக்கு எடுத்தார்கள். கடைக்காரன், "பத்து நிமிஷத்தாலை எடுங்கோ, ஆளனுப்பிக் கூப்பிடுறன்," என்றான். அந்தப் பத்து நிமிடமும் செல்வமலர் பாடம் எடுத்தாள். "ஹலோ எண்டு சொல்லும். பிறகு 'சந்திரா, காசு என்னமாதிரி' எண்டு கேளும். அவ்வளவுதான். நாலு சொல்லு."

"ஓம், ஓம்," என்றாள் அருள்நாயகி. உதடு நாலு சொல்லையும் சொல்லிச் சொல்லிப் பார்த்தது. பிறகு கூண்டுக்குள் போனாள். பதினொரு பெண்களும் கண்ணாடியில் காதை வைத்தார்கள்.

"மச்சாளோ? சந்திரமதி கதைக்கிறன். சுகமா இருக்கிறியளோ?"

"சுகமா இருக்கிறம் சந்திரா. நீங்கள் எல்லாரும் சுகமோ?"

"சுகம் மச்சாள். அண்ணை சுகமோ?"

"அவரும் சுகம். பிள்ளையள் பள்ளிக்கூடம் போகினமோ?"

"போகினம். சிவானுஜா வளந்திட்டாளோ?"

"வளந்திட்டாள். அங்கை மழையோ?"

"மழை மச்சாள். அங்கை குளிரோ?"

"இன்னும் துடங்கேல்லை."

செல்வமலர் கண்ணாடியில் தட்டினாள். "மழையை விடும்! காசு! காசு!"

அருள்நாயகி கண்ணை மூடிக்கொண்டாள். "சந்திரா..."

"சொல்லுங்கோ மச்சாள்."

"என்ன சாப்பாடு?"

வெளியே ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டாள்.

"இடியப்பம்தான் மச்சாள், வேறை என்ன," என்று சிரித்தாள் சந்திரமதி.

இதைவிடக் கதவு அகலமாகத் திறக்காது. அருள்நாயகி வாசற்படிவரை வந்தாள். "இடியப்பம்... என்னமாதிரிப் போகுது?"

"உங்கடை புண்ணியத்திலை நல்லாப் போகுது மச்சாள்." அந்தப் பக்கத்திலும் ஒரு தயக்கம். ஏதோ சொல்ல வந்து விழுங்கிய மாதிரி. "உங்களுக்கு அங்கை வேலை என்னமாதிரி?"

"அது நல்லாப் போகுது," என்றாள், வேலை இல்லாதவள்.

கீச்சென்று ஒரு சத்தம். கார்ட் முடிந்தது.

கூண்டுக் கதவைத் திறந்து வெளியே வந்தவளை ஒருத்தியும் ஏசவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. புல்லில் குந்தியிருந்து முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். "விடுங்கோ. நான் கள்ளியாவே இருக்கிறன். அவளிட்டைக் கேக்க எனக்கு ஏலாது."

அகஸ்ரீனா மன்னார்க்காரி, கோயிலுக்குப் போகாத ஞாயிறு இல்லாதவள், பேச்சும் குறைவு. அவள் கைப்பையிலிருந்து புதுக் கார்ட் ஒன்றை எடுத்தாள். "அக்காவோடை கதைக்க வைச்சிருந்தனான். எடுங்கோ."

கார்டை வாங்கி மூலையை முறித்தது செல்வமலர். "நீர் வெளியிலை இரும்," என்றாள். "வெக்கம் உள்ளவை வெளியிலை. எனக்கு அந்த வருத்தம் இல்லை."

கடைக்காரன் போனை எடுத்தபோது சந்திரமதி இன்னும் அங்கேதான் நின்றாள்.

"ஹலோ, சந்திரமதியோ? நான் செல்வமலர். உங்களுக்கு என்னைத் தெரியாது, எனக்கு உங்களைத் தெரியும். உங்கடை மச்சாளுக்கு வேலை போய் ரெண்டு மாசம். காப்பு அடைவிலை. சீட்டுக்குக் கட்டக் காசில்லை. நீங்கள் வாங்கின கடன் என்னமாதிரி?"

அருள்நாயகி முகத்தைப் பொத்திய கையால் காதையும் பொத்திக்கொண்டாள். ஆனால் செல்வமலர் பலெர்மோவின் ரேடியோ. அந்தப் பக்கத்துச் செய்தி இந்தப் பக்கத்துக்கு உடனுக்குடன் வந்தது.

"'ஐயோ, மச்சாள் ஏன் சொல்லேல்லை' எண்டு கேக்கிறா. பிள்ளை, உங்கடை மச்சாளுக்கு வாய் வேலை செய்யாது. உங்களுக்கு என்ன வருத்தம்?... என்னது?... கேளுங்கோ, எல்லாரும் கேளுங்கோ! கடனைத் தாறன் எண்டு தானா வாய் திறந்தா, 'இனி உங்கடை உறவு வேண்டாம்' எண்டு கணக்கு முடிச்ச மாதிரி இருக்குமாம். மச்சாள் கேக்கட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருந்தவவாம். இவ கேக்கேல்லை எண்டு அவ அங்கை இருக்கிறா, அவ தரேல்லை எண்டு இவ இருக்கிறா. நல்ல குடும்பம்!"

பெண்கள் சிரித்தார்கள். அருள்நாயகியின் கை காதிலிருந்து மெல்ல இறங்கியது.

"காசு இருக்கோ?" என்று கேட்டாள் செல்வமலர். பிறகு றிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள். செல்வமலர் பேசாமல் இருந்ததை அன்றைக்குத்தான் பலெர்மோ கண்டது. கடைசியில் வாயைத் திறந்தபோது குரல் தணிந்திருந்தது.

"முதல் தனியத்தான் அவிச்சவவாம். பிறகு அந்தப் பானையிலை இன்னும் ஆறேழு பொம்பிளையளும் சேந்து அவிக்கினமாம். எல்லாம் ஆம்பிளைத் துணை இல்லாததுகள். இப்ப தங்களுக்கை ஒரு சீட்டும் பிடிக்கினமாம். நாயகி, அதிலை உம்மடை பேரிலை ஒரு பங்கு ஓடுதாம். மாசாமாசம் மச்சாள் கட்டுறாவாம். கடைசிச் சீட்டு உமக்கெண்டு வைச்சிருக்கினமாம். கழிவில்லாமல் முழுசா வருமெண்டு."

அருள்நாயகி எழுந்து கூண்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கண்ணாடியில் கையை வைத்தாள்.

"கடைசிச் சீட்டு எப்ப பிள்ளை?" என்று செல்வமலர் பழைய குரலுக்கு வந்தாள். "வாற சித்திரையோ? அதுக்கிடையிலை இஞ்சை உங்கடை மச்சாளைத் தின்னுபோடுவினம். இந்த மாசச் சீட்டு ஆருக்கு? சுலக்சனாவோ? அவ ஆர்? பக்கத்திலை நிக்கிறாவோ? அவவிட்டைக் குடுங்கோ. கார்ட் ஓடுது, கெதியா!"

சுலக்சனா சின்னப் பெண். கலியாணம் கட்டி ஒரு வருஷம் முடியுமுன்னம் தனித்தவள். யாரோ கொழும்புக்குப் போகிறவர்கள் தையல் மெஷினை விற்கிறார்கள். அதை வாங்கத்தான் இந்த மாதச் சீட்டைக் கேட்டிருந்தாள்.

"அக்காவே எடுக்கட்டும்," என்றாள் சுலக்சனா அந்தப் பக்கத்தில். "எனக்குப் பிறகு பாப்பம்."

செல்வமலர் அதைச் சொல்லி முடிக்கவில்லை, அருள்நாயகி கண்ணாடியைத் தட்டினாள். "வேண்டாம், வேண்டாம்! அந்தப் பிள்ளை எடுக்கட்டும். மெஷின் போயிடும்!"

"'நீங்கள் எடுங்கோ' எண்டு சொல்லுறா. பிள்ளை என்ன சொல்லுறீர்? திரும்பவும் 'அக்கா எடுக்கட்டும்' எண்டோ?" செல்வமலர் இரண்டு கையையும் விரிக்கப் போய், றிசீவரைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டாள். "ரெண்டு பக்கமும் வாயை மூடுங்கோ! உங்கடை மரியாதைக்கு நிமிஷத்துக்கு எவ்வளவு போகுது தெரியுமோ? சுலக்சனா, மெஷினுக்கு எவ்வளவு கேக்கினம்? அது சீட்டிலை பாதிதானே. பாதியை நீர் எடும். மற்றப் பாதி நாயகிக்கு."

அந்தப் பக்கத்தில் கசமுசவென்று ஒரு சத்தம். சந்திரமதியின் குரல் வந்தது. "சீட்டைப் பாதியாப் பிரிக்கிறதோ? எந்த ஊரிலை அப்பிடி வழக்கம்?"

"பலெர்மோ வழக்கம்."

"அப்பிடியோ? எப்ப துடக்கம்?"

"இப்ப துடக்கம்."

அந்தப் பக்கத்துப் பெண்கள் சிரித்தது இந்தப் பக்கத்துப் புல்வெளிவரைக்கும் கேட்டது. வவுனியாவில் சந்திரமதியோடு கூட வந்து கடைக்குள் நின்ற ஏழெட்டுப் பேர், பலெர்மோவில் கூண்டைச் சுற்றிப் பதினொரு பேர். ஒருத்தியை ஒருத்தி கண்டதில்லை. ஒரே பகிடிக்குச் சிரித்தார்கள்.

காசு எப்படி வருவது என்பதையும் செல்வமலர் கார்ட் முடிவதற்குள் முடித்தாள். அகஸ்ரீனாவின் அக்கா வவுனியாவில் இருக்கிறாள். அவளுக்கு அகஸ்ரீனா மாதாமாதம் அனுப்புகிறவள். சந்திரமதி அங்கே அக்காவின் கையில் கொடுக்கட்டும், அகஸ்ரீனா இங்கே அந்தக் காசை டின்னில் போடட்டும். காசு கடல் தாண்டவே தேவையில்லை. அகஸ்ரீனா தலையை ஆட்டி, கைப்பையைத் திறந்தாள்.

போனை வைக்கிற நேரத்தில் றிசீவரை வாங்கினாள் அருள்நாயகி. கண்ணாடியில் இலக்கம் முடிகிற நிலை.

"சந்திரா," என்றாள். "எனக்கு வேலை இல்லை. முதல் பொய் சொல்லிப்போட்டன்."

"தெரியும் மச்சாள். குரலிலை தெரிஞ்சது. கேக்கக் கூச்சமாக் கிடந்தது."

கீச்.

கதை அங்கே முடிந்திருக்கும், செல்வமலருக்கு ருசி பிடிக்காமல் இருந்திருந்தால். கார்டை இழுத்தெடுத்தவள் திரும்பிக் கையை நீட்டினாள். "ஆரிட்டையும் இன்னொரு கார்ட் இருக்கோ? நாயகி, மிலானோ நம்பரைத் தாரும்."

"என்னத்துக்கு?"

"உம்மடை கரண்டிச் சிஞ்ஞோராவின்ரை பெடியனோடை எனக்கு ஒரு அலுவல் இருக்கு."

செல்வமலரின் இத்தாலியனில் நேற்றும் இல்லை, நாளையும் இல்லை, எல்லாம் இப்போதே. அதை வைத்துக்கொண்டு அவனை எப்படி வென்றாள் என்பது ஒருவருக்கும் முழுதாக விளங்கவில்லை. முதல் நாள் அவன் போனை வைத்துவிட்டான். அடுத்த நாள் அவன் பெண்சாதி எடுத்தாள். அவளோடு செல்வமலர் நெடுநேரம் கதைத்து, மாமியார் இரவில் நித்திரை கொள்வதில்லை, அவன் நத்தாருக்கு வீட்டில் நிற்பதில்லை என்பதுவரை அறிந்துகொண்டாள். பிறகு சிஞ்ஞோராவே எடுத்தாள். மறதிக்காரிக்கு இது மட்டும் மறக்கவில்லை. "என் அருளாவுக்கு நீ காசு கொடுக்கவில்லையா?" என்று மகனைப் பார்த்துக் கத்தியது, றிசீவர் வழியாகக் கால்சாவுக்கே கேட்டதாம். மார்கழிக்குள் லிக்குவிதாசியோனே வந்து சேர்ந்தது.

சீட்டு உடையவில்லை. அகஸ்ரீனாவின் அக்கா வழியாகவே மிச்சத் தவணைகளும் வந்தன. அந்த மார்கழியிலேயே கடைசிச் சீட்டு எடுத்தவள் முழுக்காசையும் எடுத்துக்கொண்டு வடையும் நாலு கூடத் தின்றுவிட்டுப் போனாள். மோட்டோர் சைக்கிள்காரன் வாடகை கட்டாமல் ஒருநாள் காணாமல் போக, அறைக்காரக் கிழவன் வாசத்தைப் பிடித்துக்கொண்டு மூன்று மாடியும் ஏறி வந்தான். தொண்ணூற்றேழு ஆனியில் அந்த அறையில் சட்டி ஏறியது.

கடை திறந்த முதல் வாரம் ஒரு சதமும் மிஞ்சவில்லை. வந்தவர்கள் எல்லாம் ஊர்க்காரர். "எவ்வளவு?" என்று அவர்கள் கேட்டால் அருள்நாயகி, "பேந்து பாப்பம், முதல் சாப்பிடுங்கோ," என்பாள். தமிழ்ச் சனம்தான் அப்படியென்றால் கால்சாப் பெடியன்களும் இரண்டு நாளில் பிறகு பார்க்கலாம் என்கிற அந்த வசனத்தைத் தமிழிலேயே பழகி, "பேந்து பாப்பம்" என்று வடையைக் கவ்விக்கொண்டு ஓடினார்கள். சனிக்கிழமை செல்வமலர் வந்து ஒரு கதிரையை வாசலில் இழுத்துப் போட்டு இருந்தாள். இருந்தவள் இருந்தவள்தான். பக்கத்தில் அந்தப் பனெத்தோனே டின். அவள் இருக்கிற வாசலால் காசு வைக்காமல் ஒரு ஈ இலையான்கூட வெளியே போகவில்லை. வடைக்குக் காசு, கதை இலவசம். பாதிச் சனம் கதைக்குத்தான் வந்தது.

அந்தக் கூண்டு இப்போது இல்லை. அந்தப் பெண்களும் பாதிப் பேர் லண்டனுக்கும் ஜெர்மனிக்கும் போய்விட்டார்கள். ஒருவருக்கொருவர் இனாமாகவே போனில் முகம் பார்த்துக் கதைக்கிறார்கள், மழையோ குளிரோ என்று. அவர்கள் கூடினால் இன்றைக்கும் வருகிற கதை அந்த வியாழன்தான். ஆனால் அவர்களுக்குத் தெரியாத ஒரு கதை உண்டு.

கடையில் செல்வமலருக்கு என்ன சம்பளம் என்று ஒருநாளும் பேசவில்லை. ஒரு மாதம் போனது, இரண்டு மாதம் போனது. ஊர் முழுக்க மற்றவர்களுக்காகக் கேட்ட வாய், தனக்கு வேண்டும் என்று கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை பின்னேரம் செல்வமலர் கதிரையை மூன்றாம் தரமாகத் துடைத்துக்கொண்டிருந்ததை அருள்நாயகி குசினிக்குள்ளிருந்து பார்த்தாள். கதிரையில் தூசி இல்லை. கரண்டி மினுக்கியவளுக்கு அந்தத் துடைப்பு விளங்காதா?

அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் கடை பூட்டுகிற நேரம், செல்வமலரின் பங்கை மடித்து டின்னுக்கு அடியில் வைப்பாள் அருள்நாயகி. வைத்துவிட்டு, "எண்ணெய் காயுது" என்று உள்ளே போய்விடுவாள். அடுப்பு எப்போதோ அணைந்து நூர்ந்திருக்கும்.